சனிக்கிழமை வரை பொறுக்கலாமா?

வீவக வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரில்தான் அனுமதி வந்தது. அதற்கு வெகுமுன்பே சத்தமில்லாமல் குடியேறிய பூனைகள் சில இன்று 10 வயதைத் தாண்டிவிட்டன. அவற்றைப் பற்றி அடிக்கடி காதில் விழும் பேச்சு: “வயசாயிடுச்சு, அதான் சுருண்டே கிடக்கு.”

முதுமை நோயல்ல. வலியை மறைப்பதில் பூனை கெட்டி. நம் கண்ணில் படும்போது நோய் முற்றியிருக்கலாம்.

வார நாளில் விடுப்புக் கிடைக்காது, சனிக்கிழமை கிளினிக்குக் கொண்டுபோகலாம் என்று நினைப்பது இயல்பு. சிலவற்றுக்கு அது சரி. சோபாவில் தாவத் தயங்கினால் மூட்டுவலியாக இருக்கலாம். முன்பதிவு செய்து போகலாம். தண்ணீர் அதிகம் குடித்தால், அல்லது நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால், சிறுநீரகம், நீரிழிவு, தைராய்டு என்று சோதிக்கவேண்டி வரும். அந்த வாரத்தைத் தாண்டவிடாதீர்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துப் பாருங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் இழப்பது, 60 கிலோ மனிதர் 6 கிலோ இழப்பதற்குச் சமம்.

ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லையா? சனிக்கிழமைக் கணக்கு செல்லாது. பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ சிறுநீர் வராமல் முக்கினாலோ நள்ளிரவானாலும் கிளம்புங்கள். அதுவரை கொஞ்சம் பனடால் கொடுப்போமே என்ற எண்ணமே வேண்டாம். பூனைக்கு அது நஞ்சு.

செலவு பயமுறுத்தும், உண்மைதான். எந்தச் சோதனை இன்றே தேவை, எது பொறுக்கும் என்று மருத்துவரிடமே கூச்சமின்றிக் கேளுங்கள்.