பட்டறைக்கு வந்த ஓவியர்கள்

நம் இதழுக்கு வரும் கடிதங்களில் ஒரே தொனி திரும்பத் திரும்பக் கேட்கிறது. சுடுமண் ஜிமிக்கியோ செம்புக் கம்பி மோதிரமோ செய்து படம் எடுத்து அனுப்புகிறவர், கூடவே ஒரு வரியும் சேர்த்துவிடுகிறார்: ஓவியம்தான் தன் வேலை, இது சும்மா கைச்செலவுக்கு. கவின்கலைக் கல்லூரியில் படித்துவிட்டுத் தோடு செய்ய உட்கார்ந்தால் ஒரு படி இறங்கிவிட்டதாக ஒரு கூச்சம். இந்தக் கூச்சம்தான் வேலையைக் கெடுக்கிறது என்பது எங்கள் எண்ணம். சும்மா என்று நினைத்துச் செய்த தோடு, காதில் ஏறிய பிறகும் சும்மா செய்ததாகவே தெரியும்.

திருவண்ணாமலை வேங்கிக்காலில் இருந்து பார்த்தால் நகைக்குச் சந்தை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக மணியும் மாலையும் விற்கிறார்கள். ருத்ராட்சம், ஸ்படிகம், துளசி என்று பௌர்ணமிக்கு வருகிறவர்கள் ஏதாவது ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார்கள். மார்கழி, தையில் ரமணாசிரமத்தைச் சுற்றித் தங்கும் வெளிநாட்டவர்கள், கையால் செய்தது என்றால் நின்று எடுத்துப் பார்க்கிறார்கள். ஓவியத்துக்கு அப்படி நின்று பார்க்கும் ஆள் இந்த ஊரில் குறைவு. இதே திருவண்ணாமலையில் பிறந்த ஏ.பி. சந்தானராஜ் சென்னைக்குப் போய்த்தான் பெரிய ஓவியர் ஆனார்; சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார்.

அந்தக் கல்லூரியின் கதையை ஓவியர்கள் மறந்துவிடுகிறார்கள். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய காலத்திலிருந்தே கைத்தொழில் அதன் ஒரு கால். ஆல்ஃபிரட் சாட்டர்டன் அதன் பொறுப்பில் இருந்த காலத்தில் அலுமினியப் பாத்திரம்கூட அங்கே செய்து பார்த்திருக்கிறார்கள். 1957இல் முதல்வராக வந்த கே.சி.எஸ். பணிக்கருக்கு வேறொரு கவலை. நன்றாக வரைகிற பையன்கள் படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டுக்காக வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதன்பிறகு தூரிகையைத் தொடுவதே இல்லை. ஓவியம் வாங்க ஆள் இல்லாத ஊரில் ஓவியன் எப்படிப் பிழைப்பது? கைவினைப் பொருள் செய்து விற்கலாம், அந்தக் காசில் ஓவியத்தை யாருக்கும் வளைந்து கொடுக்காமல் வரையலாம் என்று அவர் ஒரு வழி கண்டார். பாட்டிக் துணி, தோல் வேலை, உலோக வேலை எல்லாம் அப்படித்தான் தொடங்கின. அவரும் மாணவர்களும் விற்ற காசைச் சேர்த்து, 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரம் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அதுதான் சோழமண்டலம். அரசு மானியத்துக்குக் காத்திருக்காமல் கலைஞர்களே கையால் உழைத்துக் கட்டிக்கொண்ட ஊர்.

இதுவரை உள்ளதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கைவினை சோறு போட்டது, ஓவியம் பிழைத்தது என்பதோடு கதை முடிந்துவிடும். நமக்கு முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. சோழமண்டலத்து ஓவியர் எஸ்.ஜி. வாசுதேவ் பாட்டிக்கும் செய்தார், செம்புத் தகட்டில் புடைப்பும் அடித்தார். இன்று செம்புப் புடைப்புகளை அவருடைய கலையிலிருந்து பிரித்துப் பேச முடியாது. எம். சேனாதிபதியும் அப்படியே. பி.வி. ஜானகிராமின் சிற்பங்களைக் கிட்டே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அடித்த செம்புத் தகடு, அதன்மேல் கம்பியை வளைத்துப் பற்றவைத்த அலங்காரம், முகம் மட்டும் நம்மைப் பார்க்கும் நிலை. மூலவருக்குச் சார்த்தும் கவசத்தின் இலக்கணம் அது. தகடு அடிப்பதும் கம்பி ஒட்டுவதும் ஆசாரியின் வேலை. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலும் பித்தளை, செம்பு என்று அதே வழியில் போனார். சென்னைச் சிற்பத்துக்கு என்று ஒரு முகம் இருக்கிறதென்றால், அதில் பாதியைப் பட்டறை கொடுத்திருக்கிறது. சோறு போட மட்டும் என்று கூப்பிட்ட கைவினை, கலைக்கூடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

இது சென்னையில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் எட்டு வயதில், தெருவில் கிடந்த செம்புக் கம்பியை எடுத்துத் தன் அக்காளின் பொம்மைகளுக்கு நகை செய்தவர். பிற்காலத்தில் காற்றில் ஆடும் சிற்பங்களால் உலகப் புகழ் பெற்ற பிறகும் நகையை விடவில்லை. வாழ்நாளில் சுமார் 1,800 நகைகள். 1955இல் கிரா சாராபாயின் அழைப்பில் அகமதாபாத் வந்து தங்கியபோதும் சிற்பத்தோடு நகையும் செய்தார். பற்றவைப்பதை முடிந்தவரை தவிர்த்தார். கம்பியைச் சுத்தியால் தட்டுவார், சுருட்டுவார், ஒன்றை இன்னொன்றில் மாட்டுவார், அவ்வளவுதான். சிற்பத்தில் அவர் என்ன செய்தாரோ அதையேதான் உடம்பில் அணியும் அளவில் செய்தார். இதில் இறங்கு படி எங்கே இருக்கிறது?

ஆனால் நம் கடிதக்காரர்கள் செய்வது வேறு. வட்டமாக ஒரு களிமண் வில்லை, அதன்மேல் அக்ரிலிக்கில் மயிலோ தாமரையோ, மேலே வார்னிஷ். ஓவியத்தைச் சிறிதாக்கிக் கழுத்தில் தொங்கவிட்டால் நகை ஆகிவிடாது. சுவர் அசையாது; காது அசையும், வியர்க்கும், தலை துவட்டும் துண்டில் மாட்டும். நல்ல தொங்கல் என்பது நடக்கும்போது எப்படி ஆடுகிறது என்பதில் இருக்கிறது. அதைத் தட்டில் வைத்து வரைந்து கண்டுபிடிக்க முடியாது.

மண்ணை எடுத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்து ஏரி மண்ணை அள்ளி வந்து செய்கிறவர்கள் உண்டு. அதில் சுக்கான் துணுக்கு கலந்திருந்தால் என்ன ஆகும் என்று பல பேருக்குத் தெரிவதில்லை. சூளையில் அது சுண்ணாம்பாக வெந்துவிடும். நகை நன்றாகத்தான் வெளியே வரும், வண்ணமும் பூசிவிடுவீர்கள். பிறகு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துச் சுண்ணாம்பு ஊதும்; ஒருநாள் ஜிமிக்கியின் பக்கத்தில் மிளகளவு சில்லு பெயர்ந்து, குழியின் நடுவே வெள்ளைப் புள்ளி தெரியும். வாங்கியவர் வீட்டில் நடக்கும் விபத்து இது. மண்ணைக் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டியிருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கலாம். அதேபோல் வெயிலில் வைத்து அவசரமாகக் காயவைத்தால் மணியின் துளையோரம்தான் முதலில் விரியும்; நிழல்தான் நல்லது. சூளையில் 573 டிகிரியைத் தாண்டும்போது மண்ணிலுள்ள மணல் சட்டென்று விரிகிறது, ஆறும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. வறட்டியும் உமியும் வைத்துச் சுடும் நம் குயவர்கள் தெர்மாமீட்டர் இல்லாமலேயே அந்த இடத்தில் நெருப்பை நிதானிக்கிறார்கள். போய் அவர்களிடம் உட்காருங்கள். காற்றை அடைத்துப் புகைய விட்டால் அதே மண் கறுப்பாக வரும். அந்தக் கறுப்பின் பக்கத்தில் எந்த அக்ரிலிக்கும் நிற்காது.

கம்பியிலும் இதே கதைதான். செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் விட்டால் இளகும், சொன்னபடி வளையும். சுத்தியால் தட்டத் தட்டக் கெட்டிப்பட்டு விறைக்கும். காது கொக்கிக்கு அந்த விறைப்பு வேண்டும், மற்ற இடத்துக்கு வேண்டாம். எங்கே தட்டுவது, எங்கே விடுவது என்பதுதான் வடிவமைப்பே. மோட்டார் சுற்றும் கம்பியை வாங்கி அப்படியே வளைப்பவர்கள், அதன் மேல் எனாமல் பூச்சு இருப்பதையாவது நினைவில் வைக்க வேண்டும். அப்புறம் கொக்கி. கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கும் கொக்கியை மாட்டிவிட்டு முழுக்கக் கைவேலை என்று விற்பதில் எங்களுக்குச் சங்கடம் உண்டு. அதைவிடப் பெரிய சங்கடம் நிக்கல். ஜெர்மன் சில்வர் என்ற பெயரில் விற்பதில் வெள்ளி துளியும் இல்லை, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். நிக்கல் பலருக்குக் காதில் அரிப்பும் புண்ணும் கொண்டுவரும். துளையில் போடும் நகையிலிருந்து ஒரு வாரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. ஆசிரமத்துக்கு வரும் ஜெர்மன்காரர் இதைக் கேட்பார். நம் ஊர்க்காரர் கேட்காமல் சொறிந்துகொள்வார். இருவருக்கும் ஒரே கொக்கியைக் கொடுப்போம்.

விலையைப் பற்றி எத்தனையோ முறை பேசியாயிற்று. செய்த நேரத்தைக் கணக்கில் சேருங்கள் என்பதற்கு மேல் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கிரிவலப் பாதையோரம் மணி கோக்கும் நரிக்குறவர் பெண்களைப் பாருங்கள். காலை நீட்டிக் கம்பியைப் பெருவிரலில் மாட்டி, குறடால் ஒரு திருகு, ஒரு வெட்டு. கண் மணியில்கூட இல்லை, போகிறவர் வருகிறவர் மேல் இருக்கிறது. அந்தக் கைவேகத்துக்கு முன் நாம் யாரும் கலைஞர் பட்டம் சூட்டிக்கொள்ள முடியாது. அவர்களுடைய கோவையை அப்படியே எடுத்து, கொஞ்சம் பெரிய மணி போட்டு, ஓவியரின் வடிவமைப்பு என்று மூன்று மடங்கு விலை வைப்பது அண்மையில் பெருகியிருக்கிறது. அத்தகைய படங்களை இந்த இதழ் இனி வெளியிடாது. அவர்களிடம் கற்றுக்கொண்டு, யாரிடம் கற்றது என்பதையும் சொல்லுங்கள், மகிழ்ச்சியோடு போடுகிறோம்.

எழுதுவதைப் பற்றியும் கொஞ்சம். 1961இல் சென்னை ஓவியர்கள் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற சிறு வெளியீட்டைத் தொடங்கினார்கள். தங்கள் வேலையைப் பற்றிப் பேச அடுத்தவருக்காகக் காத்திருக்கவில்லை. தமிழில் சிற்பி எஸ். தனபாலின் 'ஒரு சிற்பியின் சுயசரிதை' இருக்கிறது. ஆனால் நகை செய்கிறவர் தமிழில் தன் பட்டறையைப் பற்றி எழுதியது வெகு குறைவு. பற்றவைக்கும் பொடி எவ்வளவு, வெங்காரம் எவ்வளவு, எந்த மண்ணோடு எந்த மணல் என்பதெல்லாம் வாய்மொழியாகவே போய்க்கொண்டிருக்கிறது. உடைந்த நகைக்கும் ஒரு குறிப்பேடு வையுங்கள்: என்ன மண், எத்தனை நாள் காய்ந்தது, சூளையில் எந்த ஓரம். அழகான வாக்கியம் வேண்டாம்.

அடுத்த இதழிலிருந்து ஒரு சிறு மாற்றம். படம் அனுப்புகிறவர்கள் நகையின் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும், கொக்கி சேரும் இடத்தையும் தனித்தனியாக எடுத்து அனுப்புங்கள். பின்பக்கப் படம் இல்லாத எதையும் தேர்வுக்கு எடுப்பதாக இல்லை. எடையையும் குறித்து அனுப்பினால் நல்லது. தோடு என்றால் ஒற்றைக் காதின் எடை.