புள்ளடி போடத் தெரியாத சமூகத்துக்குப் பிரதிநிதி எங்கிருந்து வருவார்?



2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் நாடு முழுவதும் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 667,240. மாத்தளை மாவட்டத்துக்கு உள்ளதோ ஐந்தே ஆசனங்கள்.

"எமக்கு ஆளில்லையே" என்று புலம்புகிறோம். யாருக்குப் போடுவதென்று உக்குவளை முதல் கலேவெல வரை கடைக்கடையாய்ச் சண்டை. எப்படிப் போடுவதென்று வீட்டில் உம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தோமா?

கட்சிக்கு எதிரே ஒரே புள்ளடி. பிறகுதான் விருப்பு வாக்கு, மூன்று வரை. கட்சியை விட்டுவிட்டு இலக்கத்துக்கு மட்டும் போட்டால் அந்த வாக்கு குப்பைக்கு.

வாக்காளர் அட்டை வரவில்லை என்பதும் வெறும் சாட்டு. இடாப்பில் பெயர் இருந்தால் தேசிய அடையாள அட்டை போதும்.

கொடி பிடிக்க நேரமுள்ள இளைஞர்களே, வீட்டாருக்குச் சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிடம் இல்லையா?