தனிவழியும் துணைவழியும்

துணையின்றி நெடுவழி செல்லலாகாது என்பது எம் முன்னோர் வகுத்த நீதி. கீழ்வகுப்பில் மனனஞ் செய்த அவ்வறிவுரையை நாம் ஒருநாளும் ஐயுற்றதில்லை. ஈராண்டின் முன் எம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவரின் அன்னையார் எம் இல்லந்தேடி வரும்வரை, அதனை ஆராயவேண்டிய தேவையும் எமக்கு நேர்ந்ததில்லை.

அமெரிக்காவிற் பணிபுரியும் அவர்தம் மைந்தர், ஆறுமாத விடுமுறை பெற்று, முதுகில் ஒரு பொதியைச் சுமந்து, அப்பலாச்சிய மலைக்காட்டு வழியைத் தனியே நடந்து கடக்கப்போவதாக எழுதியிருந்தார். "உங்கட சொல்லை அவன் தட்டமாட்டான், மாஸ்ரர். போகவேண்டாமெண்டு ஒரு கடிதம் எழுதிவிடுங்கோ" என்று அவ்வம்மையார் கண்கலங்கி வேண்டினார். எழுதுவதாக வாக்களித்தோம். ஆயினும், ஒன்றைத் தடுக்குமுன் அஃது இன்னதென அறிதல் வேண்டுமன்றோ? அறியப் புகுந்தோம், கடிதம் வேறாயிற்று.

அவ்வழி ஜோர்ஜியா மாநிலத்து ஸ்பிறிங்கர் மலையிலே தொடங்கி, பதினான்கு மாநிலங்களூடாக ஏறத்தாழ 2,200 மைல் நீண்டு, மேயின் மாநிலத்துக் கற்றாடின் மலைமுடியில் நிறைவுறுவது. பென்ரன் மக்காய் என்பார் 1921 ஆம் ஆண்டில் இதனை முன்மொழிந்தார். நகர வாழ்வில் நலிந்தோர்க்கு மலையுங் காடும் மருந்தாகும் என்பது அவர் கொள்கை. 1937 இல் வழி முழுமையுற்றது. உலகப்போரினின்று மீண்ட ஏர்ள் ஷாபர் என்னும் இளைஞர், போரில் நண்பனை இழந்த துயரத்தோடு 1948 இல் தனியே புறப்பட்டு, ஒரே பயணத்தில் இதனை நடந்து முடித்தார். அவ்வாறு முடித்தோருள் முதல்வராகப் பதிவு பெற்றவர் அவரே. 1955 இல் எம்மா கேற்வுட் என்னும் அறுபத்தேழு வயது மூதாட்டி, பதினொரு பிள்ளைகளின் தாய், அதே வழியைத் தனியே கடந்தார். காலிற் கன்வஸ் சப்பாத்து. தோளில் தாமே தைத்த துணிப்பை. மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. கூடாரமும் அவரிடம் இருந்ததில்லை.

இவர்கள் தனியே சென்றனர் என்பது மெய். துணையின்றிச் சென்றனரோ? அன்று என்று நாம் கூறுவோம். அவ்வழி நெடுகிலும் மரங்களில் இரண்டங்குல அகலமும் ஆறங்குல உயரமுமுள்ள வெள்ளைக் குறிகள் தீட்டப்பட்டுள. ஒன்றன்மேல் ஒன்றாக இரு குறிகள் தோன்றின், வழி திரும்புகிறது, கவனி என்பது பொருள். இன்று 250க்கு மேற்பட்ட தங்குகொட்டில்கள் வழியில் உள்ளன. குறி தீட்டுவோரும், வீழ்ந்த மரத்தை அறுத்தகற்றுவோரும், மழைநீர் மண்ணை அரிக்காவண்ணம் வாய்க்கால் வெட்டுவோரும் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டரே. 2024 இல் ஹெலீன் புயல் தென்பகுதியில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தபோதும் அவர்கள் வாளுங் கையுமாகக் காடேறினர்.

கொட்டில்தோறும் ஒரு குறிப்பேடு உண்டு. வந்தவர் தம் பெயரையும் நாளையும் அடுத்துத் தங்கக் கருதும் இடத்தையும் எழுதிச் செல்வர். ஒருவர் காணாமற்போவாராயின், தேடுவோர்க்கு முதலில் உதவுவன அவ்வேட்டின் வரிகளே. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் எம்மடியார் கூட்டமாகக் குமண, யாலக் காடுகளைக் கடக்கின்றனர். அவர்தந் துணை கண்ணுக்குத் தெரிவது. அப்பலாச்சிய வழியிலோ துணை முன்னே வந்து, தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கின்றது. ஆகவே முன்னோர் நீதி பொய்த்ததன்று. அதன் பொருள் விரிந்தது என்பதே எம் துணிபு.

இதனால் எவரும் எண்ணியவுடன் காடு புகலாம் என்று நாம் கூறவில்லை. அடர்காட்டில் வழியைவிட்டுச் சில அடி விலகினும் திசை மயங்கும். கைத்தொலைபேசி எங்கும் எட்டுவதில்லை. நனைந்த உடையும் குளிர்காற்றும் கூடின், வன்மையுள்ள உடலும் சூடிழந்து தளரும். உணவின் மணம் கரடியை அழைக்கும். இரவில் அதனைக் கூடாரத்துக்கு அப்பால் மரக்கிளையில் உயரக் கட்டுதல் வேண்டும். இவற்றைப் பிறரோடு நடந்து பழகியவனே தனியே செல்லத் தக்கவன்.

எனவே, "போகாதே" என்று நாம் எழுதவில்லை. மூன்று சொன்னோம். ஏடு கண்டவிடமெல்லாம் பெயரெழுதுக. வழியைவிட்டு விலகுமுன் மீளும் வழியை உறுதிசெய்க. உடல் போதுமென்று சொன்னால் வெட்கமின்றித் திரும்புக. அன்னையார் எம்மீது சில திங்கள் மனத்தாங்கலாகவே இருந்தார். அதனையும் ஏற்றோம்.

அவர் மைந்தர் 700 மைல் நடந்தார். வேர்ஜீனியா மாநிலத்தில் பாறை வழுக்கி முழங்கால் பிசகவே, மேற்செல்லாது இறங்கிவிட்டார். அன்னையார் ஆறுதலடைந்தார், உறவினரோ, "பாதியில் தோற்று வந்துவிட்டான்" என்றனர். எம்மை வருத்தியது அச்சொல்லே. முழுவழிக்கெனப் புறப்படுவோருள் நால்வரில் ஒருவரே முடிக்கின்றனர். எம்மா அம்மையாரும் 1954 இல் வழிதவறி, மூக்குக்கண்ணாடி உடைந்து, திரும்பியவரே. அன்று திரும்பாதிருந்தால் மறுவருட வெற்றி ஏது?

முதலிடம் பெற்றோரின் பெயரையே பலகையில் பொன்னெழுத்தாற் பொறித்துப் பழகியவர் நாம். ஆசிரியராயிருந்த காலத்தில் நாமும் அதனையே செய்தோம். தக்க இடத்தில் நின்று, நிலைமையை எடைபோட்டு, திரும்பத் துணியும் அறிவுக்கு நாம் ஒருபோதும் புள்ளி வழங்கியதில்லை. பரீட்சையிற் தவறிய பிள்ளை வீட்டுப்படி ஏற அஞ்சுவதற்கு எம் பங்கும் உண்டு என்பதை முதுமையில் உணர்கின்றோம்.

விழா மண்டபங்களும் நினைவுக்கற்களும் எழுக. அவற்றோடு, எம் மாணவர்க்கு வரைபடம் நோக்கவும் திசை அறியவும், முதலிற் கூட்டமாகவும் பின்னர்த் தனியாகவும் நடக்கவும் பயிற்சி அளிக்குமாறு கல்லூரியை வேண்டுகின்றோம். ஆண்டுக்கொரு நாள் ஏதேனுமொரு பொதுவழியைத் துப்புரவு செய்யவும் அவர்களை அழைத்துச் செல்க. பிறர் செப்பனிட்ட வழியில் நடக்கும் எவனும், பின்வருவோனுக்காக ஒரு கல்லையேனும் அகற்றக் கடமைப்பட்டவன். அதிபரும் ஆசிரியரும் பழைய மாணவரும் இதனைச் சிந்திப்பாராக.