அறப்பணி வேறு, அறவழித் தொழில் வேறு

சிட்னி, மெல்பேர்ண் ஆகிய மாநகரங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோரிடையே, பிள்ளை பெரிய ஆலோசனை நிறுவனமொன்றில் பணிக்குச் சேர்வது பெருமைக்குரிய செய்தியாகவே கொள்ளப்படுகின்றது. டெலொயிற், ஏர்ன்ஸ்ற் அன்ட் யங், கே.பி.எம்.ஜி., பி.டபிள்யூ.சி. என்னும் நான்கு பெயர்களும் கணக்கியல் அல்லது வணிகம் கற்கும் மாணவர் உள்ள இல்லங்களில் நன்கு அறிமுகமானவை. இந்நிறுவனங்கள் இளையோரை ஈர்ப்பதற்குச் சம்பளத்தை மட்டும் காட்டுவதில்லை. கூட்டாண்மை சமூகப் பொறுப்பு, நிலைபேறான அபிவிருத்தி, தொண்டர் பணி, காபன் வெளியேற்றக் குறைப்பு ஆகியவற்றையும் காட்டுகின்றன. இவையெல்லாம் பொய் என்று ஒதுக்குவதற்கில்லை. ஆயினும், ஒரு நிறுவனத்தின் பொறுப்புணர்வை அதன் தொண்டுப் பணிகளைக் கொண்டு அளப்பதா, அல்லது அது கட்டணம் பெற்றுச் செய்யும் தொழிலைக் கொண்டு அளப்பதா என்பது சிந்திக்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

அவுஸ்திரேலியாவில் பி.டபிள்யூ.சி. நிறுவனத்துக்கு நேர்ந்தது இக்கேள்விக்கு விடை தருகின்றது. பல்தேசியக் கம்பனிகள் வரி ஏய்ப்பதைத் தடுக்கும் சட்டங்களை வரைவதற்கு மத்திய அரசின் திறைசேரி அந்நிறுவனத்தின் வரித்துறைப் பங்காளர் பீற்றர் கொலின்ஸின் ஆலோசனையை நாடியது. அவர் இரகசியக் காப்பு உடன்படிக்கைகளில் ஒப்பமிட்டிருந்தார். இருந்தும், அங்கு அறிந்தவற்றைத் தம் நிறுவனத்தினருடன் பகிர்ந்துகொண்டார். அத்தகவல்கள், 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தை எதிர்கொள்வது எப்படி என்று பல்தேசியக் கம்பனிகளுக்கு ஆலோசனை விற்பதற்குப் பயன்பட்டன. வேலிக்கு முள் நடுவதற்கு அழைக்கப்பட்டவரே வேலியில் வழி எங்கே என்று வெளியாருக்குச் சொல்லிக் கொடுத்ததற்கு இது ஒப்பாகும்.

2023 ஜனவரியில் இவ்விடயம் பகிரங்கமாயிற்று. அவ்வாண்டு மே மாதம் செனற் சபை வெளியிட்ட மின்னஞ்சல்கள், தகவல் பலரிடையே உலாவியதைக் காட்டின. தலைமை நிறைவேற்று அதிகாரி ரொம் சீமோர் பதவி விலகினார். திறைசேரி விடயத்தை மத்திய பொலிசாரிடம் கையளித்தது. செனற் சபைக் குழு தனது முதல் அறிக்கையின் தலைப்பிலேயே இதனைத் திட்டமிட்ட நம்பிக்கைத் துரோகம் என்று கண்டித்தது. அரசாங்கத்துக்கு ஆலோசனை வழங்கிய பிரிவு ஒரேயொரு டொலருக்கு விற்கப்பட்டது. 2023 செப்ரெம்பரில் வெளியான சிக்கி சுவிற்கோவ்ஸ்கியின் ஆய்வறிக்கை, வருமானமும் வளர்ச்சியும் எவ்வாறு ஏனையவற்றுக்கு மேலாக வைக்கப்பட்டன என்பதை விளக்கியது. நவம்பரில் 300க்கும் மேற்பட்ட பணியிடங்கள் குறைக்கப்படும் என நிறுவனம் அறிவித்தது. மேலிருந்தோர் செய்த பிழைக்குக் கீழிருந்தோரும் விலை கொடுக்க நேர்ந்தது.

இந்நிறுவனத்திடம் சமூகப் பொறுப்புத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. தொண்டு அமைப்புகளுக்கு உதவும் அறக்கட்டளையும் இருந்தது. 'படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில்' என்னும் பழமொழியின் பொருளை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது. மக்களின் மருத்துவமனைகளுக்கும் பாடசாலைகளுக்கும் சேரவேண்டிய வரி குறைவதற்கு வழி சொல்லும் தொழில் ஒருபுறம் நடக்க, மறுபுறம் செய்யப்படும் தானம் அதனை ஈடு செய்துவிடாது.

ரோபோடெற் விவகாரமும் இதையே உணர்த்துகின்றது. நலன்புரிக் கொடுப்பனவு பெற்ற வறியோரின் ஆண்டு வருமானத்தைக் கணினி சராசரியாகப் பகுத்து, அவர்கள் பட்டிராத கடனைச் சுமத்திய சட்டவிரோதத் திட்டம் அது. 2017ஆம் ஆண்டில் அதனை மீளாய்வு செய்வதற்கு, ஏறத்தாழ 10 இலட்சம் டொலர் கட்டணத்தில், பி.டபிள்யூ.சி. அமர்த்தப்பட்டது. இறுதி அறிக்கை கையளிக்கப்படவேயில்லை என்பதை 2023இல் றோயல் ஆணைக்குழு வெளிப்படுத்தியது. ஓர் அறிக்கை உரிய நேரத்தில் உண்மையை உரைத்திருப்பின் எத்தனையோ குடும்பங்களின் துயரம் முன்னரே முடிந்திருக்கக்கூடும். 2025இல் டெலொயிற் நிறுவனம், வேலையற்றோர் மீதான தண்டனை முறை பற்றி 440,000 டொலர் பெறுமதியான ஒப்பந்தத்தில் எழுதிய அறிக்கையில் இல்லாத ஆய்வுகளும் புனையப்பட்ட தீர்ப்பு வாசகமும் காணப்பட்டமையால், கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க இணங்கியது.

இனிவரும் காலத்தில் இந்நிறுவனங்களின் கையில் மேலும் பெரிய பொறுப்பு சேர்கின்றது. 2025 ஜனவரி 1 முதல் அவுஸ்திரேலியாவின் மிகப் பெரிய கம்பனிகள் காலநிலை தொடர்பான நிதி அறிக்கைகளைக் கட்டாயமாக வெளியிட வேண்டியுள்ளன. அவற்றுக்குச் சான்றளிப்போர் கணக்காய்வு நிறுவனத்தினரே. 2018ஆம் ஆண்டின் நவீன அடிமைத்தனச் சட்டம், 10 கோடி டொலரும் அதற்கு மேலும் வருமானமுள்ள நிறுவனங்கள் தமது வழங்கல் சங்கிலியில் கட்டாய உழைப்பு உண்டா என ஆண்டுதோறும் அறிக்கையிடப் பணித்தது. எனினும் அறிக்கையிடத் தவறுவோருக்கு அச்சட்டம் தண்டப்பணம் எதனையும் விதிக்கவில்லை. எழுதுவோரின் மனச்சாட்சியே அதன் காவலாகின்றது.

தமிழர்களுக்கு இது தொலைவிலுள்ள விடயமன்று. அத்தகைய வழங்கல் சங்கிலிகளின் மறுமுனையில் மலையகத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளியும் இலங்கையின் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் நிற்கின்றனர். சிட்னியில் குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து ஓர் இளைஞர் இடும் சரி அடையாளம், அவர்களது குரல் கேட்கப்படுமா என்பதையும் தீர்மானிக்கக்கூடும். வெற்று அறிக்கைகளால் மறைக்கப்பட்ட துயரங்களை நன்கறிந்த இனத்தின் பிள்ளைகள் வெற்று அறிக்கை எழுதத் துணைபோவது பொருந்தாது.

புதிதாகச் சேரும் இளையவர் ஒருவரால் என்ன செய்ய முடியும், வீட்டுக் கடனும் விசாக் கவலையும் உள்ள குடும்பம் வேலையைப் பணயம் வைக்க முடியுமா எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. எவரும் தனித்து நின்று ஒரு நிறுவனத்தைத் திருத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் பி.டபிள்யூ.சி.யின் மின்னஞ்சல்களைப் படித்த பலருள் ஒருவர் உரத்துக் கேட்டிருந்தாலும் வரலாறு வேறாகியிருக்கலாம். இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது? இதைப் பயன்படுத்த அனுமதி உண்டா? இவ்வெண்ணைச் சரிபார்த்தவர் யார்? இவற்றைக் கேட்பதற்குப் பெரும் பதவி தேவையில்லை.

நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளையோர், நிறுவனம் எத்தனை மரங்கள் நட்டது என்று கேட்பதுடன் நின்றுவிடலாகாது. எத்தகைய பணிகளை அது மறுத்தது, குறை சொன்ன ஊழியரை எவ்வாறு நடத்தியது என்றும் கேட்க வேண்டும். பெற்றோரும் சம்பளத்தையும் பதவியையும் விசாரிக்கும் அதே அக்கறையுடன், அங்கு செய்யும் வேலை என்ன, அதனால் நன்மை அடைவோர் யார் என்று பிள்ளைகளிடம் விசாரித்தல் நன்று. தவறான பணியை மறுத்து வீடு திரும்பும் பிள்ளையைப் பிழைக்கத் தெரியாதவன், தெரியாதவள் என்று பழிக்காத குடும்பமே அறவழித் தொழிலுக்கு முதல் அரண் ஆகும்.