உங்கள் 10 வெள்ளி எந்தப் பாடகருக்குப் போகிறது?

எம்ஆர்டியில் ஏறியதும் காதில் இயர்ஃபோன். விரல் நுனியில் கோடிக்கணக்கான பாடல்கள். மாதம் பிறந்தால் சந்தாவுக்காக ஏறக்குறைய 10 வெள்ளி வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துவிடும்.

"எனக்குப் பிடிச்ச பாட்டைக் கேட்கிறேன். அதுக்குக் காசும் கட்டுறேன். அந்தக் காசு பாடினவருக்குத்தானே போகும்?"

நம்மில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் செயலிகள் பணத்தைப் பிரிக்கும் விதம் வேறு.

முன்பு எப்படி?

அப்பா அம்மா காலத்தில் சிராங்கூன் சாலைக் கடையில் கேசட்டோ சிடியோ வாங்கினால் கணக்கு எளிது. ஒருமுறை காசு கொடுத்தால் அது உங்களுடையது. விற்ற ஒவ்வொரு பிரதியும் அந்த இசைத்தொகுப்பின் கணக்கில் சேர்ந்தது. அதை ஒரு தடவை கேட்டீர்களா, தேயத் தேயக் கேட்டீர்களா என்பதால் வருமானம் மாறவில்லை.

2013 ஏப்ரலில் ஸ்போட்டிஃபை சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வந்தது. பாட்டை வாங்கும் பழக்கம் குறைந்து, வாடகைக்கு எடுப்பது போன்ற பழக்கம் பெருகியது. சந்தாவை நிறுத்திவிட்டால், பதிவிறக்கி வைத்த பாடல்களும் கையைவிட்டுப் போய்விடும்.

பணம் எப்படிப் பிரிகிறது?

பெரும்பாலான செயலிகளில் சந்தாப் பணம் எல்லாம் ஒரே உண்டியலில் விழுகிறது. நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. மிச்சம், அதாவது சுமார் மூன்றில் இரண்டு பங்கு, பாடல்களின் உரிமையாளர்களுக்கு. மொத்தமாக ஓடிய பாடல்களில் ஒருவருடையது எத்தனை விழுக்காடோ, அத்தனை விழுக்காடுதான் அவருக்குக் கிடைக்கும்.

புரியவில்லையா? சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம்.

ஒரு செயலிக்கு இரண்டே பேர் சந்தா கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கவிதா 10 வெள்ளி, ரவி 10 வெள்ளி. நிறுவனத்தின் பங்கு போக மிச்சம் சுமார் 14 வெள்ளி.

கவிதா அந்த மாதம் ஓர் உள்ளூர்த் தமிழ்ப் பாடகியின் பாடலை மட்டும் 20 முறை கேட்கிறார். ரவி ஒரு பிரபல நட்சத்திரத்தின் பாடல்களை 980 முறை ஓடவிடுகிறார்.

மொத்தம் 1,000. அதில் உள்ளூர்ப் பாடகியின் பங்கு 2 விழுக்காடு. அவர் பக்கம் போவது 28 காசு. மிச்சம் 13 வெள்ளி 72 காசும் ரவியின் நட்சத்திரத்துக்கு!

கவிதா அந்த நட்சத்திரத்தின் ஒரு பாட்டைக்கூடக் கேட்கவில்லை. ஆனாலும் அவருடைய காசில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. அந்த 28 காசும் முழுதாகப் பாடகியின் கைக்கு வராமல் போகலாம். அது ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

தமிழுக்கு ஏன் இது முக்கியம்?

சிங்கப்பூரில் ஆங்கிலம், மாண்டரின், மலாய், கொரியப் பாடல்கள் எல்லாம் அதே உண்டியலில் பங்கு கேட்கின்றன. தமிழிலேயே கோலிவுட் பாடல்களின் கை ஓங்கியிருக்கிறது. உள்ளூர்த் தமிழ் இசைக்கு ரசிகர்கள் குறைவு என்பதால் பங்கும் குறைவு.

இன்னும் இரண்டு விதிகள் தெரிந்திருப்பது நல்லது. ஸ்போட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடியாவது ஓடினால்தான் கணக்கில் வரும். 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு ஒலிப்பதிவு வருமானம் கிடையாது.

அப்படியென்றால் செயலிகள் கெட்டவையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. முன்பு பாட்டை வெளியிடக் கேசட் நிறுவனம் வேண்டும், கடை வேண்டும். இப்போது படுக்கையறையில் பதிவுசெய்த பாடலும் உலகம் முழுக்கப் போகும். தமிழும் ஆங்கிலமும் கலந்து ராப் பாடும் சிங்கப்பூரின் யங் ராஜா இணையத்தில் வளர்ந்தவர்தான்.

பணத்தைப் பிரிக்க வேறு வழியும் உண்டு. சவுண்ட்கிளவுட் 2021இல், ஒவ்வொரு ரசிகரின் பணத்தையும் அவர் கேட்ட கலைஞர்களுக்கே பிரித்துத் தரும் முறையைச் சில கலைஞர்களுக்கு அறிமுகம் செய்தது. அந்த முறைப்படி பார்த்தால், கவிதாவின் 7 வெள்ளி அப்படியே உள்ளூர்ப் பாடகியின் கணக்குக்குப் போயிருக்கும். ஆனால் நாள் முழுக்கப் பாட்டு ஓடவிடும் ரசிகர்களைக் கொண்ட கலைஞர்களுக்கு அதில் பங்கு குறையும். அதனால் எல்லாரும் ஒரே மனதாக அதை வரவேற்பதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

- செயலி தானாக ஓடவிடும் வரிசையை மட்டும் நம்பாமல், உள்ளூர்க் கலைஞரின் பெயரைத் தேடிக் கேளுங்கள். பிடித்தால் உங்கள் பட்டியலில் சேர்த்துவையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்பது கணக்கில் சேரும்.

- பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் பாட்டை விலைக்கு வாங்கலாம். கொடுக்கும் காசில் பெரும்பகுதி நேராகக் கலைஞர் பக்கம் போகும்.

- அவர்கள் மேடை ஏறும்போது டிக்கெட் எடுத்துப் போங்கள்.

- வானொலியில் உள்ளூர்ப் பாடல் கேட்டு வாங்குங்கள். பாடல் ஒலியேறினால் அதை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமத்தொகை சேர வழியுண்டு. சிங்கப்பூரில் அந்தத் தொகையை வசூலித்துத் தருவது 1987இல் தொடங்கிய காம்பஸ் அமைப்பு.

சந்தா கட்டியதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை. பக்கத்து புளோக்கில் இருந்துகொண்டு தமிழில் பாட்டு எழுதும் ஒருவர் அடுத்த பாட்டையும் எழுதுவாரா என்பதில் நமக்கும் பங்குண்டு. இன்று வீடு திரும்பும்போது அப்படி ஒருவரின் பாட்டைத் தேடிப் பாருங்களேன்... 30 விநாடியைத் தாண்டியும் கேளுங்கள்!