டென்சைல் மட்டும் பார்த்தா போதுமா?

பஞ்சு வேஸ்ட்ல பயோ-பிலிம் செய்யற ப்ராஜெக்ட் கோவைக்குப் பொருத்தமானதுதான். பஞ்சுல 90 சதவீதத்துக்கு மேல செல்லுலோஸ். அதன் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்பு இறுக்கிப் பிடிச்சிருக்கு, அதனால உருகாது. அசிட்டைலேஷன் செஞ்சா ஹைட்ராக்சில் இருந்த இடத்துல அசிட்டைல் குழு உட்காரும். பிடி தளரும், அசிட்டோன்ல கரைச்சு பிலிமா ஊத்தலாம், ஈரமும் குறைவா இழுக்கும். பிளாஸ்டிசைசர் சேர்த்தா நல்லா வளையும். ஆனா இழுவிசை வலிமை இறங்கும்.

சிக்கல் என்னன்னா, அசிட்டைல் கூடக் கூட மட்கறது மெதுவாகும். சிகரெட் ஃபில்டரும் செல்லுலோஸ் அசிட்டேட்தான்; ரோட்டோரத்துல வருஷக்கணக்கா கிடக்குது.

இன்னொரு பாடம் பக்கத்துலயே இருக்கு. சிறுமுகை விஸ்கோஸ் ஆலையில மரக்கூழை காஸ்டிக் சோடா, கார்பன் டைசல்ஃபைடு வச்சு இழையாக்கினாங்க. மூலப்பொருள் மரம்தான், கழிவு போய்ச் சேர்ந்தது பவானி ஆத்துல.

2019 ஜனவரி 1-ல தமிழ்நாட்டுல ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்துச்சு. அதுக்கு மாற்று தேடறோம்னு சொன்னா, ரிப்போர்ட்ல காய்ஞ்ச பிலிமோட டென்சைல் மட்டும் போதாது. நனைஞ்சா எவ்வளவு தாங்குது, மண்ணுல எத்தனை நாள்ல மட்குது, மிச்சமான கரைப்பான் எங்க போகுது? ஜூனியர்ஸ், இந்த மூணையும் ரிவ்யூவுக்கு முன்னாடியே நீங்களே கேட்டுக்கங்க.