சம்பூர்க் காணியும் பணிப்பாளர் சபை ஆசனமும்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் கொழும்பில் இருந்தவாறே சம்பூர் சூரிய மின் நிலையத்தின் பணிகளை இணையவழியில் ஆரம்பித்து வைத்தனர். இரு கட்டங்களாக 120 மெகாவாட் மின்சாரத்தை உற்பத்தி செய்வது இத்திட்டத்தின் நோக்கமாகும். முதற்கட்டம் 50 மெகாவாட், இரண்டாம் கட்டம் 70 மெகாவாட். முதற்கட்ட மின்சாரத்துக்கு அலகொன்றுக்கு 5.97 அமெரிக்க சதம் என்ற விலை இணங்கப்பட்டுள்ளது. அனல் மின்சாரத்துடன் ஒப்பிடுகையில் இது மலிவானது என்பதில் ஐயமில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் இருளில் கிடந்த நாட்டுக்குச் சூரிய மின்சாரம் வேண்டாம் என்று எவரும் கூறமாட்டார்கள். நாமும் கூறவில்லை.

நாம் எழுப்ப விரும்புவது வேறொரு வினா. அந்தக் காணி யாருடையது, அதனை ஆளும் கம்பனியின் பணிப்பாளர் சபையில் அமர்பவர்கள் யார் என்பதே அது.

கம்பனியின் பெயர் திருகோணமலை மின்சக்திக் கம்பனி. இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனமும் (என்.ரி.பி.சி.) சரிபாதிப் பங்கில் 2011ஆம் ஆண்டு உருவாக்கிய கூட்டு நிறுவனம் இது. சூரிய ஒளிக்காக உருவானதன்று, நிலக்கரிக்காக உருவானது. 500 மெகாவாட் கொண்ட அனல் மின் நிலையத்தைச் சம்பூரில் அமைப்பதே அதன் பிறப்பின் நோக்கமாக இருந்தது.

அதன் வரலாற்றைத் திகதிகளோடு நோக்குவது பயனுடையது. 2006 ஏப்ரல் 25ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தளபதி மீது தாக்குதல் நடத்தப்பட்டதை அடுத்துச் சம்பூர்ப் பகுதி மீது விமானக் குண்டுவீச்சும் எறிகணை வீச்சும் நிகழ்ந்தன. சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை மக்கள் ஈச்சிலம்பற்று வழியாக மட்டக்களப்பு வரை ஓடினர். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மூதூர் நகரத்து முஸ்லிம் மக்கள் ஊரோடு பெயர்ந்து கந்தளாயில் தஞ்சமடைந்தனர். செப்டெம்பர் 4ஆம் திகதி சம்பூர் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. டிசெம்பர் 29ஆம் திகதி, அதாவது நான்கு மாதங்கள்கூட நிறையாத நிலையில், திருகோணமலைப் பிரதேசத்தில் நிலக்கரி மின் நிலையம் அமைப்பதற்கான உடன்பாடு கைச்சாத்திடப்பட்டது. அதற்கான இடம் சம்பூர் என்றாயிற்று. 2007 மே மாதம் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டில் பாரிய கைத்தொழில் வலயம் என்ற பெயரும் சேர்ந்து கொண்டது.

ஊரார் முகாம்களில் இருக்கையில் ஊரின் எதிர்காலம் தீர்மானிக்கப்பட்டது. கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கட்டைபறிச்சானிலும் தகரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களிடம் எவரும் எதனையும் வினவவில்லை. அவர்களுள் கணவனை இழந்தும் கணவன் காணாமற் போயும் குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்கிய பெண்கள் பலர்.

2015ஆம் ஆண்டு ஆட்சி மாறியது. அவ்வாண்டு மே மாதத்தில் கைத்தொழில் வலயத்துக்கான வர்த்தமானி அறிவித்தல் இரத்துச் செய்யப்பட்டு 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் அமைந்திருந்த 237 ஏக்கரும் கட்டங்கட்டமாக 2016 மார்ச் வரை கையளிக்கப்பட்டது. 2016 செப்டெம்பரில், சுற்றாடல் அமைப்பொன்று தொடுத்த வழக்கில், சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் அமைக்கப்படமாட்டாது என உயர் நீதிமன்றத்துக்கு அரசாங்கம் அறிவித்தது. ஆனால் மின் நிலையத்துக்கென ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 500 ஏக்கர் அந்தக் கணக்கில் சேரவில்லை. நிலக்கரி போயிற்று, வேலி போகவில்லை. சூரியத் தகடுகள் வந்து சேர்வது அந்த வேலிக்குள்ளேயே.

இனி, பணிப்பாளர் சபைக்கு வருவோம்.

கம்பனிகளின் தலைமையில் பெண்களுக்கு உரிய இடம் வேண்டும் என்ற கருத்து இன்று உலகெங்கும் சட்டமாகி வருகின்றது. நோர்வே 2003ஆம் ஆண்டிலேயே 40 வீத ஒதுக்கீட்டைச் சட்டமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இதே திசையில் பணிப்புரை பிறப்பித்தது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு கம்பனியிலும் ஒரு பெண் பணிப்பாளராவது இருக்க வேண்டும் என்கின்றது. சட்டம் வந்ததும் பல நிறுவனங்கள் உரிமையாளரின் மனைவியையோ மகளையோ அமர்த்தி விதியை நிறைவேற்றின. ஆகவே, சுயாதீனப் பெண் பணிப்பாளர் வேண்டும் என்ற அடுத்த விதி 2019இல் முதல் 500 கம்பனிகளுக்கும் 2020இல் முதல் 1,000 கம்பனிகளுக்கும் வந்தது. அதே 1,000 கம்பனிகள் 2022-23 நிதியாண்டு முதல் சுற்றாடல், சமூகப் பொறுப்பு பற்றிய விரிவான அறிக்கையையும் வெளியிட வேண்டும். கொழும்புப் பங்குச் சந்தையின் ஆளுகை விதிகளும் 2023இல் புதுக்கப்பட்டு, நிலைபேறு தொடர்பான கொள்கையைப் பட்டியலிடப்பட்ட கம்பனிகளிடம் கோருகின்றன.

இவை யாவும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் சம்பூரைப் பொறுத்தவரை இவற்றுள் ஒன்றேனும் அந்த வேலியைத் தாண்டி உள்ளே செல்வதில்லை. என்.ரி.பி.சி. இந்தியாவில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். விதிகள் அதனைக் கட்டுப்படுத்தும். திருகோணமலை மின்சக்திக் கம்பனியோ இலங்கையில் பதியப்பட்டது. எந்தப் பங்குச் சந்தையிலும் இல்லாதது. எமது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் பெண் பணிப்பாளரை வேண்டும் ஏற்பாடு எதுவும் கிடையாது. பங்குச் சந்தை விதிகள் இதற்குப் பொருந்தா. ஆக, நிலைபேறு பற்றிய அறிக்கை புதுடில்லியில் அச்சாகும். காணி மூதூர் கிழக்கில் கிடக்கும். இரண்டுக்கும் இடையே சட்டத்தின் பாலம் இல்லை.

அரசுக்குச் சொந்தமான நிறுவனங்கள் விதிகளுக்கு எவ்வளவு மதிப்பளிக்கின்றன என்பதும் அறியப்பட்டதே. போதிய சுயாதீனப் பணிப்பாளர்களை நியமிக்கத் தவறியமைக்காக இந்தியாவின் அரச எண்ணெய் நிறுவனங்கள் சிலவற்றுக்கு 2023இல் பங்குச் சந்தைகள் அபராதம் விதித்தன. திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளால் எமது வாசகர்கள் நன்கறிந்த இந்தியன் ஒயில் நிறுவனமும் அவற்றுள் ஒன்று. பணிப்பாளர்களை நியமிக்கும் அதிகாரம் எம்மிடம் இல்லை, அமைச்சிடமே உள்ளது என்பதே அந்நிறுவனங்கள் அளித்த விளக்கம். உண்மையான விளக்கம்தான். ஆனால் அதனுள்ளேதான் நோயும் இருக்கின்றது. அமைச்சு நியமிப்பவர் அமைச்சுக்கே பதில் கூறுவார், அவர் ஆணாயினும் பெண்ணாயினும். எமது நாட்டின் அரச கூட்டுத்தாபனங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிப்பதற்கு 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தபோது, இந்த நியமன முறையையும் சேர்த்தே சீர்செய்திருக்கலாம்.

கொழும்பின் படித்த பெண்ணொருவரைச் சபையில் அமர்த்தினால் சம்பூர்ப் பெண்ணுக்கு என்ன இலாபம் எனச் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நோர்வேயிலும் ஒரு சில பெண்களே பல சபைகளில் மாறிமாறி அமர்ந்தனர் என்ற விமர்சனம் எழுந்தது. எனினும் ஆண்கள் மட்டும் அமர்ந்த சபைகளால் சம்பூருக்கு விளைந்தது என்ன என்பதையும் கேட்டுக் கொள்ள வேண்டும். பெண் ஆசனம் போதுமானதன்று, ஆனால் வேண்டாததுமன்று. அந்த ஆசனத்தில் அமர்பவர் முன்னிலையில் எந்தக் கோவை வைக்கப்படுகின்றது என்பதிலேயே காரியம் தங்கியுள்ளது.

அந்தக் கோவையில் முதலில் இருக்க வேண்டியது காணிப் பட்டியல். இவ்விடத்தில் கிழக்கின் வழமையொன்றைச் சற்று விரிவாகக் கூறவேண்டியுள்ளது. கிழக்கிலே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடும் வளவும் மகளுக்கே சேரும். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருவார். மகளுக்கு ஒரு வீடு கட்டி முடிப்பதற்காகவே வாழ்நாள் முழுவதும் உழைக்கும் தந்தையரை மூதூரிலும் காணலாம், கட்டைபறிச்சானிலும் காணலாம். சமயம் வேறாயினும் இதில் இரு சமூகங்களும் ஒன்றே. கம்பனிகளின் சொத்துடைமையில் பெண்களின் பங்கு பற்றி உலகம் இன்று பேசுகின்றது. எமது ஊர்களில் வீட்டுச் சொத்தின் உடைமை பெண்ணிடமே நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது.

ஆனால் அரசின் கடதாசி வேறு மொழி பேசுகின்றது. அரச காணி அனுமதிப்பத்திரங்களை ஆளும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் வரிசையில் மகன்மாரை மகள்மாருக்கு முன்னே வைத்திருந்தது. ஏறத்தாழ 87 ஆண்டுகளின் பின், 2022ஆம் ஆண்டுத் திருத்தமே அந்தப் பாகுபாட்டை நீக்கியது. “குடும்பத் தலைவர்” என்ற கட்டத்தில் ஆணின் பெயரை எழுதும் அலுவலக வழக்கமோ எந்தச் சட்டத்திலும் இல்லாததால் எந்தத் திருத்தத்தாலும் போகவில்லை. 2004 டிசெம்பர் கடற்கோளின் பின் இதன் விளைவைக் கண்டோம். அழிந்த வீடு மனைவியின் சீதன வீடு; அதற்கு ஈடாகக் கிடைத்த புதிய வீட்டின் பத்திரமோ பல இடங்களில் கணவனின் பெயரில். ஓர் அனர்த்தமும் ஒரு படிவமும் சேர்ந்து நூற்றாண்டுகால வழமையைக் கவிழ்த்தன. யுத்தத்தில் உறுதிகளும் பத்திரங்களும் எரிந்தும் தொலைந்தும் போன சம்பூரில் இது இன்னும் பாரதூரமானது. கணவன் காணாமற் போன பெண், தன் தாய்வழி வந்த வளவுக்கு உரிமை கோருகையில், இல்லாத கணவனின் கையொப்பத்தை அலுவலகம் கேட்டால் அவள் என்ன செய்வாள்?

சூரிய மின்சாரம் நிலக்கரியைப் போல் தீங்கானதன்று. புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் (அக்கரைப்பற்று நுரைச்சோலையுடன் இதனைக் குழப்பிக் கொள்ள வேண்டாம்) 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்தின் சாம்பல் பற்றி அயலவர்கள் கூறும் முறைப்பாடுகள் அறியப்பட்டவை. என்.ரி.பி.சி. இதே சரிபாதிப் பங்கு முறையில் பங்களாதேஷின் ராம்பாலில், சுந்தரவனக் காடுகளின் அயலில், 1,320 மெகாவாட் நிலக்கரி நிலையத்தைக் கட்டி முடித்தது. சம்பூரும் அவ்வாறே ஆகியிருக்கும். வெந்நீர் கொட்டியாரக் குடாவில் கலந்திருக்கும். குடாவின் மீனுக்குத் தமிழ் மீனவர், முஸ்லிம் மீனவர் என்ற பேதம் தெரியாது. அது நடவாமற் போனதற்கு மக்களின் எதிர்ப்பும் நீதிமன்றமும் காரணங்கள்.

எனினும் தூய்மையான மின்சாரம் என்பதனால் மட்டும் ஒரு திட்டம் நிலைபேறானதாகிவிடாது. கட்டுமானம் முடிந்த பின் சூரிய மின் நிலையத்துக்குத் தேவைப்படும் ஆட்கள் மிகச் சிலரே: காவல், தகடு கழுவுதல், புல் வெட்டுதல், ஓரிரு தொழில்நுட்பவியலாளர். வயலும் சேனையும் மாட்டுப் பட்டியும் இருந்த நிலம் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. புதுப்பிக்கத்தக்க சக்தித் துறையில் உலகளவில் 32 வீதமானோர் பெண்கள் எனச் சர்வதேச புதுப்பிக்கத்தக்க சக்தி முகவரகம் 2019இல் கணக்கிட்டது. எண்ணெய், எரிவாயுத் துறையில் இது 22 வீதம். மூதூர் வலயத்தில் உயர்தரம் கற்ற பெண் பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்களுள் சிலரையேனும் தொழில்நுட்பவியலாளராகப் பயிற்றுவிப்பது கம்பனிக்குப் பெருஞ்செலவன்று.

உள்ளூராட்சியில் நாம் ஒரு முன்னுதாரணத்தைக் கண்டிருக்கின்றோம். 2 வீதம் அளவிலேயே இருந்த பெண் உறுப்பினர் எண்ணிக்கை, 25 வீத ஒதுக்கீட்டின் கீழ் நடந்த 2018 பெப்ரவரித் தேர்தலுடன் பன்மடங்காகியது. முதலில் கட்சிகள் உறவினரை நிறுத்தின. இந்தியக் கம்பனிகள் செய்ததும் அதுவே. ஆயினும் சபைக்கு வந்த பெண்களுட் பலர் குடிநீரையும் வீதி விளக்கையும் பற்றிக் கேள்வி எழுப்பக் கற்றுக் கொண்டனர். அரசு பங்காளியாக இருக்கும் கூட்டுக் கம்பனிகளுக்கும் இத்தகைய ஒதுக்கீட்டை விரிவுபடுத்துவதில் தடை என்ன என்பதை மின்சக்தி அமைச்சு விளக்க வேண்டும். இரண்டு அரசுகளின் கம்பனிக்கு, தனியார் கம்பனியை விடக் குறைவான கடப்பாடு இருப்பது விந்தையே.

தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மீது பொதுமக்கள் கருத்துக் கூற 30 நாட்கள் உண்டு. தொழில்நுட்பச் சொற்கள் நிறைந்த தடித்த அறிக்கையைப் பிரதேச செயலகத்தில் நின்றபடி புரட்டிப் பார்த்துக் கருத்தெழுதக் கூடிய தாய்மார் எத்தனை பேர்? கருத்துக் கேட்டாயிற்று என்ற பதிவு மட்டும் கோவையில் சேரும். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், பள்ளிவாசல், கோயில் ஆகியவற்றினூடாக, சம்பூரிலும் மூதூரிலும் தமிழில் விளக்கக் கூட்டங்களை நடத்துவதே முறையாகும்.

இரண்டாம் கட்டத்தின் 70 மெகாவாட்டைப் பொறுத்தவரை, கம்பனி முன்வைக்க வேண்டியது ஓர் ஆவணமே. வேலிக்குள் இருக்கும் ஒவ்வொரு துண்டுக் காணியும் 2006 ஏப்ரலுக்கு முன் யாருடைய உரித்தில் இருந்தது, அவற்றுள் பெண்வழி வந்தவை எவை, எவருக்கு நட்டஈடோ மாற்றுக் காணியோ வழங்கப்பட்டது, அது யாருடைய பெயரில் எழுதப்பட்டது என்ற பட்டியல். கிராம அலுவலரிடமும் முதியோரிடமும் கேட்டு அதனைத் தயாரிக்கலாம். மூதூர் பிரதேச செயலகத்தின் அறிவித்தற் பலகையில் அதனைத் தமிழில் ஒட்டுவதற்குப் பாராளுமன்றத்தின் சட்டமும் தேவையில்லை, புதுடில்லியின் அனுமதியும் தேவையில்லை.